தெரிந்தவர் ரிட்டயர் ஆன பிறகு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே அரசின் ஒய்-12 ஆலையில் 1980-களில் ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் சங்கேதப் பெயர் ஃபாக்பேங்க். அணுகுண்டுக்குள் வைக்கிற பொருள் என்பதால் அது என்ன என்பதே இன்றுவரை ரகசியம். வேண்டிய அளவு செய்து முடித்ததும் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவை மூடினார்கள். செய்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

2000-ஆம் ஆண்டையொட்டி, பழைய குண்டுகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவானது. ஃபாக்பேங்க் மறுபடி தேவைப்பட்டது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் கிட்டத்தட்ட யாருமே பணியில் இல்லை. செய்முறைப் பதிவுகளும் மிகக் குறைவு. தான் செய்த பொருளை எப்படிச் செய்தோம் என்பதை ஓர் அரசாங்கம் மறந்துபோயிருந்தது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2009 மார்ச்சில் கொடுத்த அறிக்கையின்படி, இந்த மறதிக்கு ஆன கூடுதல் செலவு 6.9 கோடி டாலர்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் “எழுதி வைக்காதது தப்பு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் முடியவில்லை. புது ஆலை கட்டி, பழைய செய்முறையைத் தேடிப்பிடித்து, அப்படியே செய்து பார்த்தார்கள். வந்த சரக்கு பழைய சரக்குபோல் இல்லை. நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு காரணம் பிடிபட்டது. அந்தக் காலத்து மூலப்பொருளில் ஒரு கசடு கலந்திருந்தது. இந்தக் காலத்துச் சுத்திகரிப்பு அதை நீக்கிவிடுகிறது. அந்தக் கசடு இருந்தால்தான் பொருள் சரியாக அமையும். இது முன்பு வேலை பார்த்தவர்களுக்கே தெரியாது. தெரியாததை அவர்கள் எப்படி எழுதி வைத்திருப்பார்கள்?

அரசு அறிவியல் நிறுவனங்களில் ‘அறிவு மேலாண்மை’ (ஒருவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடாமல், தேவைப்படுகிற இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் வேலை) என்று சொல்வது இந்தச் சிக்கலைச் சமாளிக்கும் முயற்சியைத்தான். பெயரைக் கேட்டதும் கருத்தரங்கு, பவர்பாயின்ட், மதியச் சாப்பாடு என்று உங்களுக்குத் தோன்றலாம். பல இடங்களில் அது அந்த அளவில்தான் இருக்கிறது என்பதும் உண்மை.

இதில் எனக்கென்ன என்கிறீர்களா? புயல் எச்சரிக்கை, விதை நெல் ஆராய்ச்சி, தடுப்பூசிச் சோதனை, நிலத்தடி நீர் அளவீடு, செயற்கைக்கோள் எல்லாம் பெரும்பாலும் அரசு நிறுவனங்கள் செய்பவை. ஒருமுறை கண்டுபிடித்ததை மறந்துவிட்டு மறுபடி கண்டுபிடித்தால், ஒரே பொருளுக்கு உங்கள் வரிப்பணம் இரண்டு முறை போகிறது. ஒருமுறை செய்த தவறை மறந்தால் உயிர் போகிறது. அதற்கும் உதாரணம் வருகிறது.

எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் போதாதா? போதாது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். “தக்காளிப் பதம் வந்ததும் இறக்கவும்” என்று புத்தகத்தில் இருக்கும். எது தக்காளிப் பதம் என்பது, பக்கத்தில் நின்று, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் தெரியவரும். எழுதக்கூடிய அறிவு ஒன்று, கைப்பக்குவம் இன்னொன்று. ஆய்வகத்திலும் அப்படியே.

1970-இல் கனடாவின் ராணுவ ஆய்வகம் ஒன்று புதுவகை லேசர் ஒன்றைச் செய்துவிட்டதாக அறிவித்தது. அதைத் தாங்களும் செய்ய பிரிட்டனில் பல ஆய்வகங்கள் முயன்றன. அந்த முயற்சிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர். அச்சான கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு முயன்ற யாருக்கும் லேசர் வேலை செய்யவில்லை என்று அவர் கண்டார். ஏற்கெனவே செய்தவரோடு நேரில் பழகியவர்களுக்குத்தான் கைகூடியது. கட்டுரை எழுதியவர் எதையும் ஒளித்துவைத்திருக்க வேண்டியதில்லை. எது முக்கியம் என்பது செய்தவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது.

நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் வரைபடங்களை நாசா தொலைத்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். வரைபடங்கள் நுண்படச் சுருள்களாகப் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், அந்த ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜினை 2012-13 வாக்கில் நாசாவின் இளம் பொறியாளர்கள் புரிந்துகொள்ள நினைத்தபோது வரைபடம் மட்டும் போதவில்லை. எஞ்சியிருந்த பழைய இன்ஜினைப் பிரித்து, பாகம் பாகமாக ஸ்கேன் செய்தார்கள். அதில் ஒரு பகுதியை 2013 ஜனவரியில் எரியவிட்டும் பார்த்தார்கள். ஏன் அவ்வளவு பாடு? ஒவ்வோர் இன்ஜினும் கையால் வெல்டிங் செய்தது. வெல்டர் அங்கங்கே தன் யோசனைப்படி செய்த சின்னத் திருத்தங்கள் வரைபடத்தில் ஏறவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, இங்கே ஏடும் இருந்தது, சுரைக்காயும் இருந்தது, சமைத்தவர்தான் இல்லை.

அப்படியானால் எழுதி வைப்பது வீணா? இல்லவே இல்லை. கைப்பக்குவத்தை எழுத முடியாமல் போகலாம். அளந்த அளவையும் எடுத்த படத்தையும் காப்பாற்றாமல் விட்டதற்குச் சாக்கே கிடையாது.

1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கிய காட்சி, தொலைக்காட்சியில் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தரைநிலையங்களில் காந்தநாடாக்களில் பதிவானது. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2009-இல் நாசா சொன்ன பதில்: நாடாப் பற்றாக்குறை இருந்த காலத்தில் அவற்றை அழித்து, வேறு தரவுகளைப் பதிய மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு முக்கியம் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. 1966-67-இல் ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலவைப் படமெடுத்தன. அந்த நாடாக்களைத் தூக்கிப்போட நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் இருந்த நான்சி எவன்ஸ் விடவில்லை. நாடா மட்டும் இருந்தால் போதாது, ஓட்டும் கருவியும் வேண்டும் என்று அந்தப் பழைய ராட்சதக் கருவிகளையும் தேடி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். 2008-இல் ஒரு சிறு குழு, மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றில் அவற்றைப் பழுதுபார்த்து, 1966-இல் எடுத்த படத்தை அன்று யாரும் பார்க்காத தெளிவோடு வெளியே எடுத்தது. ஓர் அரசு நிறுவனத்தின் நினைவு, ஒரு பெண்மணியின் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதைப் பாராட்டலாம், ஆனால் ஓர் ஏற்பாடாக நம்பியிருக்க முடியாது.

நம் பக்கத்தில் நல்ல உதாரணம் கொடைக்கானல். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் அது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டுகளில் தொடங்கிய அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினிப் படங்களாக மாற்றியிருக்கிறது. சூரியப் புள்ளிகள் கூடிக்குறைய ஏறத்தாழ 11 ஆண்டு பிடிக்கும். நூறு ஆண்டுப் படம் இருந்தால் ஒன்பது சுற்றை ஒப்பிடலாம். இன்று எவ்வளவு பணம் கொட்டினாலும் 1910-இன் சூரியனைப் புதிதாகப் படமெடுக்க முடியாது. அங்கேயும் தட்டு மட்டும் போதாது. எந்த நாள், எந்த நேரம், படத்தில் வடக்கு எது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் வட்டம். இந்தக் குறிப்புக்குத்தான் ‘மேல்தரவு’ (தரவைப் பற்றிய தரவு, மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டுபோல) என்று பெயர்.

சரி, எல்லாவற்றையும் ஒரு கணினித் தளத்தில் ஏற்றிவிட்டால்? நாசா அதையும் செய்தது. ‘கற்ற பாடங்கள்’ என்று ஒரு பெரிய தகவல்தளம் 1990-கள் முதல் இருக்கிறது. ஒவ்வொரு திட்டமும் தன் தவறுகளை அதில் பதிய வேண்டும், புதிய திட்டம் தொடங்குபவர் படிக்க வேண்டும் என்பது நோக்கம். 2012-இல் நாசாவின் சொந்தத் தணிக்கை அதிகாரியே பார்த்துச் சொன்னார்: திட்ட மேலாளர்கள் அதைப் படிப்பதும் அபூர்வம், எழுதுவதும் அபூர்வம். 2002-இலும் வேறொரு தணிக்கை ஏறத்தாழ இதையேதான் சொல்லியிருந்தது. தவறிலிருந்து கற்க அமைத்த தளத்தின் தவறிலிருந்தே பத்து ஆண்டு யாரும் கற்கவில்லை!

ஏன் படிப்பதில்லை? நீங்களே அந்த இடத்தில் இருப்பதாக நினையுங்கள். தலைக்குமேல் வேலை. தளத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள். உங்களுக்கு வேண்டியது எது என்று தெரியாது. ‘தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த வேண்டும்’ என்று பட்டும் படாமலும் எழுதியவைதான் கண்ணில் படும். இரண்டு முறை தேடுவீர்கள், மூன்றாம் முறை பக்கத்து அறையில் இருக்கும் மூத்தவரைக் கேட்பீர்கள். பாடம் போய்ச் சேரவேண்டிய இடம் நூலகம் அல்ல. நீங்கள் எப்படியும் கையில் எடுக்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், வடிவமைப்பு விதி, சோதனை முறை, இவற்றுக்குள் அது நுழைந்திருக்க வேண்டும்.

சந்திரயான் அப்படி நடந்த ஒன்று. 2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. காரணங்களை இஸ்ரோ ஒவ்வொன்றாக அலசியது. இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியதாக இருந்தது. அடுத்த முறை அதை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். நடுவில் இருந்த ஐந்தாவது இன்ஜினை எடுத்தார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முதலில் பட்டியலிட்டு, கெட்டாலும் இறங்க வழி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 இறங்கியது. பாடம் அறிக்கையில் தூங்கவில்லை, இரும்பிலும் மென்பொருளிலும் ஏறியது.

கீழே இருப்பவருக்குத் தெரிந்தது மேலே போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது? இதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1986-இல் நாசாவின் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. குளிரில் அதன் ரப்பர் வளையம் வேலை செய்யாது என்று முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும்போதே ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியதைப் பார்த்திருந்தார்கள். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்ட பொறியாளர்களின் கோரிக்கை மேலே போய் நின்றுவிட்டது. முன்பும் நுரை உதிர்ந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, ஆகவே பரவாயில்லை என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 17 ஆண்டு கழித்தும் அதே நோய் என்று விசாரணைக் குழு எழுதியது. இரண்டு முறையும் அறிவு கட்டடத்துக்குள்தான் இருந்தது. கீழிருந்து மேலே போக வழி இல்லை.

வழி இருந்தாலும் வாய் திறக்கத் துணிவு வேண்டும். 1979 ஆகஸ்ட் 10-இல் நம் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. கணினி நிறுத்தச் சொல்லியும் ஏவ முடிவெடுத்தவர் திட்ட இயக்குநரான அப்துல் கலாம். அன்று பத்திரிகையாளர்கள் முன் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தோல்வியின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-இல் வெற்றி வந்தபோது பேசக் கலாமை அனுப்பினார். கலாம் பல மேடைகளில் சொன்ன கதை இது. பெருந்தன்மைக்கான கதையாகத்தான் இதை நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கு இது அறிவு மேலாண்மைக் கதையாகவும் படுகிறது. திட்டு விழாது என்று தெரிந்தால்தான் “வால்வு கசிந்தது, நான் பார்த்தேன்” என்று ஒருவர் வாய் திறப்பார்.

அரசு நிறுவனத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பாடு? தனியாரிலும் உண்டு. ஆனால் இங்கே ஒரே ஆண்டில் கூட்டமாக வேலைக்கு எடுத்தவர்கள் கூட்டமாகவே ஓய்வு பெறுவார்கள். நடுவில் பல ஆண்டு ஆளெடுப்பு இருந்திருக்காது. ஒப்பந்தத்தில் வரும் இளைஞர் வேலை பழகும்போது காலம் முடிந்து போய்விடுவார். இடமாற்றம் வேறு.

இதில் நீங்கள் என்ன செய்யலாம்? வெளியே இருக்கும் மாணவரோ ஆசிரியரோ நீங்கள் என்றால், முதலில் தரவு ஏற்கெனவே பொதுவில் இருக்கிறதா என்று பாருங்கள். 2012-இல் மத்திய அரசு தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றை அறிவித்தது. பொதுப் பணத்தில் திரட்டிய, ரகசியம் அல்லாத தரவு மக்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பது அதன் சாரம். வரைபடத்துக்கு இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது. சந்திரயான் கருவிகள் அனுப்பிய தரவையும் பதிவு செய்துகொண்டு இறக்கலாம். பொதுவில் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ போன்றவை பொதுவாக இதற்கு விலக்கு, ஊழல் அல்லது மனித உரிமை மீறல் புகார் தவிர.

உள்ளே வேலை பார்ப்பவர் நீங்கள் என்றால் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது என்ன கையெழுத்தாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மேசை ஒன்று, இரும்பு அலமாரி இரண்டு, சாவி, கோப்புகள் இத்தனை. முப்பது ஆண்டு ஒரு கருவியோடு பழகியவர் அந்தக் கருவியைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டும் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. படிவம் கேட்காவிட்டாலும் நீங்கள் ஒரு தாள் சேர்க்கலாம்.

அதில் என்ன எழுதுவது? ‘எப்படி’ பெரும்பாலும் கையேட்டில் இருக்கும். ‘ஏன்’ என்பதை எழுதுங்கள். ஏன் இந்தப் பம்பை விட்டு அந்தப் பம்புக்கு மாறினோம், ஏன் மழைக்காலத்தில் இந்தச் சோதனையைச் செய்வதில்லை, எதை முயன்று எது தோற்றது. தோற்றதை யாரும் கட்டுரையாக வெளியிடுவதில்லை, அதனால் அடுத்தவர் அதே பள்ளத்தில் விழுவார். கருவி கெட்டுப்போவதற்கு முன் எப்படிச் சத்தம் போடும், உதிரிபாகத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், மூலத் தரவு எந்த வட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதும் வேண்டும்.

எண் எழுதினால் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். சின்ன விஷயம்தான். 1999-இல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று, ஒரு தரப்பு பவுண்டு கணக்கிலும் மறுதரப்பு நியூட்டன் கணக்கிலும் பேசியதால் அழிந்தது.

கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள், வழியனுப்பு விழாவும் ஓய்வூதியத் தாள்களுமே அந்த வாரத்தைத் தின்றுவிடும். வேலை நடக்கும்போதே எழுதி, உங்கள் இளையவரிடம் கொடுத்து, தாளை மட்டும் பார்த்து வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கைகட்டிப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே தடுமாறி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கேதான் நீங்கள் எழுதாமல் விட்டது இருக்கிறது.

நீங்கள் இளையவர் என்றால்? ஓய்வு பெறப்போகும் மூத்தவரிடம் “உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்” என்று கேட்காதீர்கள். வாழ்க்கை வரலாறு கிடைக்கும். “சார், இது கடைசியா எப்போ மக்கர் பண்ணுச்சு? எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேளுங்கள். கருவிக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். கை பேச ஆரம்பிக்கும். அவர் சம்மதித்தால் பதிவு செய்துகொள்ளுங்கள், அன்றைக்கே எழுத்தாக்குங்கள்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள். என் கணினியிலேயே ‘கடைசி’, ‘கடைசி-புதுசு’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று கோப்புகள் இருக்கின்றன, அதனால் பெருமையாகச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பாக இருந்தால், சாதாரண எழுத்துக்கோப்பாகவும் ஒரு பிரதி வையுங்கள். முடிவுகளை வாட்ஸ்அப் குழுவோடு விட்டுவிடாதீர்கள். ஆள் மாறினால், போன் மாறினால் அந்த வரலாறு முழுக்கப் போயிற்று. அலமாரியை ஒழிக்கிறோம் என்று பழைய பதிவேடுகளைக் கழிவுத்தாளாக்கும் முன்பு பதிவு அலுவலரைக் கேளுங்கள். 1993-ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி மத்திய அரசு அலுவலகங்களில் அப்படி ஒருவர் இருக்கவேண்டும்.

ரகசிய வேலை ஆயிற்றே, எழுதலாமா? வெளியே சொல்லக்கூடாது என்பதும் உள்ளே எழுதக்கூடாது என்பதும் வேறு வேறு. ரகசியக் கோப்புக்கு உரிய முறையில், உரிய இடத்தில் எழுதலாம். ஃபாக்பேங்க் எதிரியிடமிருந்து காக்கப்பட்டது சரி. அதைச் செய்த அரசிடமிருந்தே அது மறைந்துபோனதில் யாருக்கும் லாபம் இல்லை.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என் மதிப்பு போய்விடாதா? நிறையப் பேர் வாய்விட்டுக் கேட்காத சந்தேகம் இது. அநியாயமான சந்தேகமும் இல்லை. ‘இவர் இல்லாவிட்டால் கருவி ஓடாது’ என்ற ஒன்றுதான் சிலருக்கு இடமாற்றத்திலிருந்து காப்பு. ஆண்டு மதிப்பீட்டில் கட்டுரைக்கும் காப்புரிமைக்கும் இடம் இருந்து, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்ததற்கு இடம் இல்லாவிட்டால், கற்றுக்கொடுக்காதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலதிகாரி நீங்கள் என்றால், அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க எழுதிப் போடுங்கள். அதுவரை, கொடுத்த ஒவ்வொரு குறிப்பிலும் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுக் கோப்பில் ஏற்றுங்கள், ஒரு பிரதியை நீங்களும் விதிப்படி வைத்துக்கொள்ளுங்கள்.